செத்தவீட்டுப் பந்தலில் என்ர படம்

சித்திர ரீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லா எடுபிடி வேலைக்கும் ஆள் கிடைச்சிட்டுது என்று நினைப்பினம். விளையாட்டுப் போட்டிக்கு வளைவு கட்டவும் நான், நாடகத்துக்குச் சீன் கீறவும் நான். வகுப்பில் வருசம் முழுக்கச் செம்பும் வாழைப்பழமும் கீறிக் காட்டவேணும், சோதனைக்கு அதுதானே வரும். கீறிக் கீறி எனக்குச் செம்பைக் கண்டாலே அலுத்துப்போச்சு.

வீட்டுக்கு வந்து உலையை வைச்சிட்டுத்தான் என்ர கீறல். ஆள், மரம், வீடு ஒண்டும் இராது, வெறும் நிறம்தான். என்ர மனிசனுக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கப்பல் பெயின்ற் கொண்டுவந்து தருவார். படம் கீறுற நல்ல சீலை வாங்க ஏலாதபடியால், மழைக்கு மூடுற பழைய படங்கை வெட்டி, பின்விறாந்தைச் சுவரில் ஆணியடிச்சுக் கீறுவன். வீட்டுக்கு வாறவை பார்த்திட்டு, சுவருக்குப் பூச நிறம் பார்க்கிறீங்களோ என்று கேட்பினம். விளங்கப்படுத்திக் களைச்சு, பிறகு பிறகு ஓம் என்று சொல்லப் பழகியிட்டன்.

அப்பிடியிருக்க, கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு என்ர படம் ஒண்டு கேட்டினம். அத்தனை வருசத்தில் அதுதான் முதல்தரம். மாரி முழுக்க நின்று கீறினன், கருநீலமும் அடியில் துருச் சிவப்புமாய், சுவர் அளவுக்கு. இறக்கக்கண்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போற லொறி வெள்ளி விடிய வந்து எடுக்கிறதாய்க் கதை. கருவாட்டு மணத்தோட போனாலும் போகட்டும், போய்ச் சேர்ந்தால் காணும் என்று இருந்தன்.

வியாழன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சுவர் வெறுமையாய்க் கிடக்குது.

காலமை நான் போன கையோட முன்வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் செத்துப்போனாராம். செத்தவீடு என்றால் எங்கட ஒழுங்கையில் கேட்டுக் கேள்வி கிடையாது. கதிரை, கிடாரம், படங்கு எந்த வீட்டில் இருக்கோ அங்க போய்த் தூக்குவினம். மழை தூறினதாம், பெயின்ற் பூசின படங்கு ஒழுகாதாம். இவரே ஒரு தலைப்பைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறார்! செத்தவீட்டுக்கு இல்லையென்று சொல்லுறதோ என்று என்னட்டையே கேட்டார். இந்த மனிசனோட நான் என்னத்தைக் கதைக்க?

போய்ப் பார்த்தன். நிறப்பக்கம் கீழ பார்க்க, மூலைக்கு மூலை ஓட்டை போட்டுக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. பின்னேரம் சவத்தை எடுத்துக்கொண்டு ஆம்பிளையள் சுடலைக்குப் போனாப்போல, கழட்டித் தரச் சொல்லிக் கேட்பம் என்று செத்தவரின்ர பெண்சாதிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினன். அவ பந்தலுக்குக் கீழ பாயில் மல்லாந்து படுத்திருந்தா. நான் வாய் திறக்கமுதல் என்ர கையைப் பிடிச்சா.

"ரீச்சர், மேல கட்டியிருக்கிற உதைப் பார்த்துக்கொண்டு கிடக்க நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்குது. எட்டுச் சடங்கு முடியுமட்டும் கழட்டவேண்டாம் என்று சொல்லுங்கோ."

நான் குலுங்கிக் குலுங்கி அழுதன். செத்த மனிசனுக்காக என்று எல்லாரும் நினைச்சினம்.

விடிய லொறிக்காரன் வாசலில் ஹோர்ன் அடிச்சான். எழும்பிப் போனன். இரவு முழுக்க நித்திரை இல்லை, கால் ரெண்டும் உளைஞ்சுது.

"படம் இஞ்ச தேவைப்படுது தம்பி, நீங்கள் போங்கோ" என்றன்.

கொழும்பில் இருந்து பிறகு ஒருத்தரும் கேட்கேல்லை.