அக்கா வீட்டுச் சுவர் அலமாரி

அக்கா கேட்டது ஒரு சுவர் அலமாரி. அவ்வளவுதான். மகள் திண்டிவனத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தடித்தடிப் புத்தகங்கள் தரையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. மழைக்காலத்தில் ஓதம் ஏறி அடிப்புத்தகம் பூசணம் பிடித்துவிட்டது.

"நீதான் வெள்ளக்காரங்களுக்கெல்லாம் செய்றியே, எனக்கு ஒண்ணு செஞ்சிக் குடுடா" என்றாள்.

நான் ஆரோவில் பக்கத்தில் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறேன். அக்கா மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்குப் போகிறவள். மரத்தையும் அவளே கொடுத்தாள். பழைய வீட்டை இடித்துவிட்டு அரசாங்க வீடு கட்டியபோது, மாமியார் காலத்துத் தேக்குக் கதவு ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். இழைத்ததும் நிறமும் வாசனையும் அப்படியே எழுந்து வந்தன. அதைப் போன்ற பலகை எங்கள் பட்டறைக்கே எப்போதாவதுதான் வரும்.

எந்தப் பொருத்து போடுவது என்று ஒரு சாயங்காலம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதே பொய். எது சரி என்று எனக்குத் தெரியும். பக்கப்பலகைகளின் நுனியைப் புறாவின் விரிந்த வால் மாதிரி வெட்டி, அடிப்பலகையில் அதற்கேற்ற பள்ளம் எடுத்துக் கோத்துவிட்டால், எவ்வளவு பாரம் வைத்தாலும் அடிப்பலகை கீழே இறங்காது. மேலுக்கு ரெண்டு மூங்கில் ஆணி. இந்தப் பொருத்தைத்தான் டவ்டெயில் என்போம். உப்புக்காற்று மூங்கிலை ஒன்றும் செய்யாது. ஆனால் நாலு மூலைக்கும் ரெண்டு முழுநாள் வேலை.

இன்னொன்று, பலகையைப் பலகையோடு முட்டக் கொடுத்து, பசை தடவி, இரும்பு ஸ்க்ரூ முடுக்குவது. அரைநாள்.

அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு, மசாலா பாட்டில் வைக்கிற சின்ன ஷெல்புக்கு, நாலு நாள் உட்கார்ந்து டவ்டெயில் வெட்டினேன். அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டார். அக்காவின் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான்: அந்த வீட்டுக்கு இது போதும். யார் பார்க்கப்போகிறார்கள்?

ஸ்க்ரூ முடுக்கினேன். அதோடு நிற்கவில்லை. ஸ்க்ரூ தலைகள் தெரியாமலிருக்க, அவற்றின் மேல் மூங்கில் துண்டுகளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். பார்க்கிறவர்களுக்கு மூங்கில் ஆணி அடித்த மாதிரியே இருந்தது. அக்கா அந்த வட்டங்களைத் தொட்டுப் பார்த்து, "இரும்பாணியே இல்லாம பண்ணியிருக்கான் பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் காட்டினாள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு மழைக்காலம் தாங்கியது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா மகள் அதன் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அடிப்பலகை புத்தகங்களோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. பலகையின் முனை அவள் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டது. நாலு தையல்.

போன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். கட்டுப்போட்ட நெற்றியோடு அவள் உடைந்த பலகையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில் வட்டம் ஒன்று கழன்றிருந்தது. உள்ளே துருப்பிடித்து ஊசி மாதிரி இளைத்துப்போன ஸ்க்ரூ.

"மாமா, இது ஸ்க்ரூ தானே?"

"நல்ல ஸ்க்ரூன்னு சொல்லிதாம்மா கடைக்காரன் குடுத்தான். துருவே பிடிக்காதுன்னான். ஏமாத்திட்டான்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அக்கா அந்தக் கடைக்காரனைத் திட்டினாள். எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.

நாலு நாள் வேலை ஓடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் உப்பளத்துக்கே போனேன். அக்கா பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரன் ஏமாற்றவில்லை, சாதா ஸ்க்ரூ என்று தெரிந்தேதான் வாங்கினேன், மூடி மறைத்ததும் நான்தான் என்றேன்.

அவள் வாரிப்பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வெள்ளக்காரங்களுக்குப் பண்றப்ப மட்டும் உனக்குக் கை வலிக்கலியா?"

உப்பை ஒரு இழுப்பு இழுத்துக் குவித்துவிட்டுச் சொன்னாள்:

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அடிபட்டது அவளுக்கு. அவகிட்டப் போய் சொல்லு." மறுபடி வார ஆரம்பித்தாள். வெயில் ஏறும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடைந்த அலமாரியைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். துருவும் ஓட்டையுமாக இருந்த முனைகளை அறுத்து எறியவேண்டியிருந்தது. அந்தத் தேக்கில் நாலு விரற்கடை அப்படியே போயிற்று. மிச்சத்தில் வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து டவ்டெயில் வெட்டினேன். ஒரு வாரம் ஆனது.

கொண்டுபோய் மாட்டிவிட்டு, அக்கா மகளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஏன் மாமா அப்படிப் பண்ணீங்க?" என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை; தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். "உங்க வீட்டுக்கு அது போதும்னு நெனச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் எழுந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். குட்டையாகிப்போன அலமாரியில் உயரமான ரெண்டு புத்தகம் நிமிர்ந்து நிற்க இடமில்லை, படுக்கவைத்தாள். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அடுக்கி முடித்ததும் தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்:

"அடிப்பலகையப் புடிச்சி நீங்களே ஒரு தடவ இழுத்துக் காட்டுங்க மாமா. அப்பதான் நான் கீழ உக்காருவேன்."

ரெண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினேன். பலகை அசையவில்லை. அவள் "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவையும் இழுத்தேன்.