இரண்டு இலக்கமும் நான்தான்

இன்பமலருக்கு நாற்பத்தாறு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை. கணவர் றொபேட் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். உட்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கையில் நஜ்முன் நிஸாவின் சின்னக் கல்வீட்டில் பதினாறு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள் நஜ்முன் நிஸா வந்து குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். கட்டாரில் இருக்கும் மகன் அப்ராஸ் வீட்டை விற்கச் சொல்கிறான். விடுதி கட்ட இடம் தேடும் கொழும்பு ஆள் ஒருவர் முழுக் காசோடு நிற்கிறார்.

"உனக்குத்தான் தர விருப்பம், மலர். ஆனா ஜூன் முப்பதுக்கு மேல மகனை மறிச்சு வைக்க எனக்கு ஏலாது."

வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது. முதலில் கட்டவேண்டிய கைக்காசுதான் இல்லை. ஓய்வுகாலத்துக்கென்று சம்பளத்தில் வெட்டிச் சேர்க்கும் சேமலாப நிதியைப் பத்து வருடத்துக்கு மேல் கட்டியவர்கள் வீடு வாங்க அதில் முப்பது வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம் என்று கம்பனியில் சொன்னார்கள். றொபேட் சம்மதிக்கவில்லை. கடற்தொழிலாளிக்கு அப்படி எந்த நிதியும் இல்லை, வயது போன காலத்துக்கு இரண்டு பேருக்கும் இருப்பது அது ஒன்றுதான் என்றார்.

"அதைத் தொட்டால் பிறகு என்ன இருக்கும்?"

"வீடு இருக்கும்," என்றாள் இன்பமலர்.

மூன்றாம் நாள் அவள் தொழில் திணைக்களத்துக்குத் தனியாகப் போனாள்.

அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. அவளுடைய அங்கத்துவ இலக்கத்தில் ஒன்பது வருடக் காசுதான் கிடந்தது. அதற்கு முந்திய பதின்மூன்று வருடக் காசு, அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழையாகப் பதிந்ததால், வேறொருத்தியின் காசைப் போல இன்னொரு கணக்கில் கிடந்தது. ஒன்பது வருடம் போதாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பழைய முதலாளி கடிதம் தந்தால் சேர்க்கலாம் என்றார் அதிகாரி.

பழைய முதலாளி குணரத்தினம். ஒன்பது வருடத்துக்கு முன் கம்பனியை விற்றுவிட்டுக் கந்தளாயில் வயல் செய்துகொண்டிருந்தார். விற்பதற்கு முந்திய எட்டு மாதம் சமையல்காரிகளின் சம்பளத்தில் நிதிக் காசை வெட்டியவர், அதைக் கட்டவில்லை. அப்போது ஏழு பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து இன்பமலருடையது. குணரத்தினம் அந்தக் காசைத் தண்டப் பணத்தோடு கட்டவேண்டி வந்தது.

இன்பமலர் பஸ்ஸில் கந்தளாய்க்குப் போனாள். குணரத்தினம் இருக்கச் சொன்னார், தேத்தண்ணியும் கொடுக்கச் சொன்னார். அவள் வந்த காரணத்தை முழுதும் கேட்டுவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனையையும் அவள் முன்னால் வைத்தார்.

"கடிதம் தாறன். அண்டைக்குக் குடுத்த முறைப்பாடு பொய்யெண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. என்ர பிள்ளையள் இன்னும் ஊரில அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

ஜூன் முப்பதுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அவள் பேனையை எடுத்தாள். ஒரு வரிதான். எழுதினால் வீடு. தனக்குப் பின்னால் கையெழுத்து வைத்த ஆறு பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்தது. பேனையைத் திரும்ப வைத்தாள்.

"ஏலாது ஐயா. அது நடந்த விசயம்."

தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பி வந்தாள்.

அடுத்த நாள், கடிதம் ஏன் இல்லை என்பதை அதிகாரிக்கு மறைக்காமல் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்தி, எந்த வருடத்து முறைப்பாடு என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். கையில் பழைய கோப்பு. முறைப்பாட்டுக்குப் பதிலாகக் குணரத்தினம் அனுப்பிய தொழிலாளர் பட்டியல் அதற்குள் இருந்தது. இன்பமலரின் பெயர், சரியான அடையாள அட்டை இலக்கம், பழைய அங்கத்துவ இலக்கம், கீழே அவருடைய கையெழுத்து.

"இது போதும், அம்மா," என்றார் அதிகாரி.

கணக்குகள் சேர்ந்தன. ஆனால் ஜூன் முப்பது வந்தும் காசு வரவில்லை. அன்று பின்னேரம் இன்பமலர் நஜ்முன் நிஸாவின் வீட்டுக்குப் போனாள். அப்ராஸ் தொலைபேசியில் தாயோடு சத்தம் போடுவது வாசல்வரை கேட்டது. அவன் முடிக்கும்வரை நஜ்முன் நிஸா பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டு உறுதி என்ர பேரில கிடக்கு, மகன். பத்து நாள் பொறு," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் காசு வந்தது. உறுதி எழுதும் நொத்தாரிசின் அறையில் இன்பமலர் கையெழுத்து வைத்தபோது றொபேட் பின்னால் நின்றார். வீட்டுக்கு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்வளவைக் காலால் அளந்தார்.

"இதில ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாம்," என்றார். "வயசு போன காலத்துக்கு உதவும்."

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த இன்பமலர், முதலில் வங்கிக் கடன் முடியட்டும் என்றாள்.