செம்மண்டலத்து வீட்டில் பூப் போட்டுப் பார்த்தது

ஒரு நம்பிக்கை ஏன் பிறந்தது, எதைக் காக்கிறது என்று முழுதும் புரிந்துகொண்டவனுக்கு, அதே நம்பிக்கை ஓர் உயிரைப் பிடித்து வைத்திருக்கும்போது எதிர்த்துப் பேச வாய் வருமா? எந்தத் தேர்விலும் என்னிடம் கேட்கப்படாத கேள்வி இது. சென்ற வாரம் கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறியவன், சிதம்பரம் வரும்வரை வேறு எதையும் நினைக்கவில்லை.

ஆய்வில் சேருகிறவர்கள் முதல் வருடம் வகுப்பில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். நான் எடுத்த பாடம் அறிவியல், மருத்துவ வரலாறு. அப்போது கடலூர் செம்மண்டலத்தில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் சிதம்பரத்துக்குப் போய்வந்தேன். பிளேக், காலரா, பெரியம்மை என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட நகல் கட்டுகளை மடியில் விரித்தபடியே, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். அந்தத் தலைப்புகளுக்குப் பயந்து என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காருவதில்லை என்று அக்காவின் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மாமா ஷாமியானா கடை வைத்திருந்தார். கல்யாணமோ சாவோ, அவருடைய பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் முதலில் வந்து இறங்கும். பீடி நெடியும் நனைந்த பந்தல் துணியின் வாடையும் அவர் வருமுன்னே வாசலுக்கு வந்துவிடும். "மச்சான், செத்துப்போன நோயெல்லாம் படிச்சு இன்னாடா பண்ணப் போற? உசுரோட இருக்கிற நோயப் படிச்சாலாவது எனக்கு ஒரு ஊசி போடுவ."

ஊசியைப் பற்றித்தான் நான் வகுப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மைத் தடுப்பூசி வந்த காலத்தில், பிள்ளைகளை ஒளித்துவைத்துக் கதவைச் சாத்திய ஊர்க்காரர்களைப் பழைய அரசு அறிக்கைகள் அறியாமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் சத்தம் கூடாது, வெளியாள் கூடாது, தாளிக்கக் கூடாது, நோயாளி வாசற்படி தாண்டக் கூடாது; விருந்தாளியாக வந்த தெய்வத்துக்குக் காட்டும் மரியாதை அது, அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று வாதிட்டேன். 'அவர்களுடைய மொழியில் கேட்டிருந்தால் கதவு திறந்திருக்கும்' என்று கடைசி வரி. அந்த வரியை எழுதிவிட்டு, எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த மாதமே மாமாவுக்குச் சின்னம்மை கண்டது. "பாரு மச்சான், ஒன் பாடம் நம்ம வூட்டுக்கே வந்துடுச்சு. ஒக்காந்து நோட்ஸ் எடுத்துக்க" என்றார், பாயில் படுத்தபடி. அவருடைய அம்மா வேப்பங்கொத்தால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தார். மஞ்சளும் இளநீரும் கசப்புமாக அந்த அறைக்கு ஒரு குளிர்ந்த மணம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு இருமல் வந்தது. பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது. பிள்ளைகளுக்கு லேசாக வந்துபோகும் சின்னம்மை, வயதில் வந்தால், அதிலும் புகை பிடிப்பவருக்கு வந்தால், நுரையீரலில் இறங்கக்கூடும் என்று படித்திருந்தேன். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"தலைக்குத் தண்ணி ஊத்தட்டும்டா" என்றார் மாமா. அதற்குப் பிறகுதான் வெளியே போகலாம் என்பது முறை.

அவருடைய அம்மா விசிறுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. அவ கோவம் ஒனக்குத் தெரியாதா? அதத்தானே படிக்கிற?"

அக்காதான் பேசினாள். "அப்ப அவகிட்டயே கேட்டுடலாம் அத்தை. பூப் போட்டுப் பாப்போம். வெள்ள வந்தா ஆஸ்பத்திரி."

அக்கா என் கட்டுரையில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆனாலும் என் கடைசி வரியை யாரோ உரக்கச் சொன்னதுபோல் எனக்குச் சிலிர்த்தது. "ஆமா அத்தை, கேளுங்க" என்றேன். அக்காவின் மாமியாரும் சம்மதித்தார். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, அம்மன் படத்தின் முன் போட்டார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் மறுப்பு. மாமியார் கண்ணை மூடி எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

கேட்காமல் இருந்தவரை வாதாட இடமிருந்தது. கேட்டு, பதிலும் வாங்கிய பிறகு எதைச் சொல்வது? பேருந்தில் சுமந்துபோன அத்தனை நகல்களிலும், தெய்வம் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று எவரும் எழுதியிருக்கவில்லை. "உடு மச்சான், அவளே வேணாம்னுட்டா" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கைகளைக் கீழே இறக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் அவருடைய உதடு கறுத்திருந்தது. அக்கா யாரிடமும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மாமியார் வாசலில் கைகளை விரித்து நின்றார்.

"பூவ மீறிப் போறியாடி?"

"பழி என் மேல வரட்டும் அத்தை. நவுருங்க."

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். வகுப்புக்குப் போகும் அதே சாலையில், தூக்கம் வராமல், அன்றுதான் முதல்முறையாகப் போனேன். மாமா திரும்பி வரவில்லை. "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "மீறாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்றார் அந்த அம்மா. இரண்டு பேருமே அதை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அது அந்த அம்மாவிடம் செல்லாது என்றும் தெரியும். ஏன் செல்லாது என்று அடிக்குறிப்போடு விளக்கவும் தெரியும். அக்கா மேல் விழுந்த பழியை நகர்த்த ஒரு வாக்கியம் மட்டும் தெரியவில்லை. கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டுக் கொடுத்தேன். "முடிவுரை எங்க?" என்று கேட்டார் பேராசிரியை. "தெரியல மேடம்" என்றேன். தேறிவிட்டேன்.

ஷாமியானா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். செம்மண்டலத்து வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. மாமியார் ஸ்ரீமுஷ்ணத்தில் மகளோடு இருக்கிறார். அக்கா மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரே தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு சீரியல் பார்த்து, வில்லியைச் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களும், அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை.