ஐஸ் அறையில் விரித்த பை

தங்கபாய்க்கு யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பும் பழக்கம் கிடையாது. நர்ஸாக இருந்த காலத்தில் டாக்டரே எடுத்துத் தந்த மருந்தானாலும், குப்பியிலிருக்கும் பெயரைத் தானே ஒருமுறை படித்த பிறகுதான் ஊசியில் ஏற்றுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மீன்காரி, பஸ் கண்டக்டர், சபைக்குப் புதிதாக வந்த போதகர் என்று எல்லோரையும் ஒரு கணம் உற்றுப் பார்ப்பாள்.

2001ஆம் வருடம், மியூசியம் வளாகத்தில் காலையில் நடைப்பயிற்சி செய்கிற கூட்டம் ஒன்று இமாச்சலத்தில் பனிக்கணவாய் ஏறத் தீர்மானித்தது. தலைவர் ஹரிகுமார், வங்கி அதிகாரி. முன்பு ஒருமுறை அந்தப் பக்கம் போய்வந்தவர். தங்கபாயும் அவளுடைய நடைத்தோழி பொன்னம்மையும் பெயர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரக் கல்லாறிலிருந்து பொன்முடி மலைக்கு முதுகில் பாரம் சுமந்து ஏறிப் பழகினார்கள். மூச்சு வாங்கினாலும் தங்கபாய் பின்தங்கவில்லை.

சிக்கல் சாமான் வாங்குவதில் தொடங்கியது. ஸ்லீப்பிங் பேக், கோட்டு எல்லாவற்றையும் பழவங்காடி பக்கத்துக் கடை ஒன்றில்தான் வாங்கவேண்டும் என்று ஹரிகுமார் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் அந்தக் கடை மட்டும் என்ற கேள்வி தங்கபாயைக் குடைந்தது. கடைக்காரருக்கும் இவருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று பொன்னம்மையிடம் சொன்னாள். பொன்னம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடையில் பையை விரித்துக் காட்டினார்கள். உள்ளே வாத்து இறகு, மைனஸ் பத்து டிகிரி குளிரையும் தாங்கும் என்று துணிச்சீட்டில் அச்சிட்டிருந்தது. தங்கபாய் பையை முகர்ந்து பார்த்தாள், கசக்கிப் பார்த்தாள். இந்த வெக்கை ஊரில் இதை யார் படுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கினாள். சோதித்துப் பார்ப்பதற்கென்றே வாங்கினாள்.

விழிஞ்ஞத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் பிளான்டில் அவளுடைய சித்தி மகன் சற்குணம் சூப்பர்வைசர். ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கும் அறையில் கொஞ்சநேரம் படுக்கவேண்டும் என்று அக்கா கேட்டதும், அவன் பொன்னம்மையைத் தனியே கூப்பிட்டு, அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தான். பிறகு ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தான். தங்கபாய் கம்பளிச் சட்டையோடு பைக்குள் புகுந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டாள். பொன்னம்மை வாசலில் நின்றாள். முதலில் பாதம் மரத்தது, பிறகு இடுப்பு. பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கியதும் எழுந்து வந்துவிட்டாள்.

வெளியே வெயிலில் உட்கார்ந்து, கத்தரியால் தையலைப் பிரித்தாள். இறகு ஒன்றுகூட இல்லை. கழிவுப் பஞ்சும் ஸ்பாஞ்சுத் துண்டுகளும் வந்தன.

மறுநாள் காலை மியூசியம் வாசலில் எல்லோர் முன்னாலும் அந்தப் பஞ்சைக் கொட்டினாள். ஹரிகுமாரின் முகம் கறுத்தது.

"சிஸ்டர், நான் ஆள்களை ஏமாத்தினேன்னு சொல்லுகீங்களா?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல சாரே. இது சொல்லுது."

அவர் காரைத் திறந்து, இரண்டு பைகளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். அதே கடை, அதே துணிச்சீட்டு.

"இது எனக்குள்ளது. மற்றது எனக்க மோளுக்கு. திவ்யாவும் வருகா. அதையும் பிரிச்சுப் பாருங்க."

தங்கபாய் குனிந்து மகளுடைய பையின் ஓரத்தைப் பிரித்தாள். அதே பஞ்சு. சொந்த மகளைப் பனியில் சாகக் கொடுக்க யாரும் ஏற்பாடு செய்யமாட்டார்கள். பையைப் பற்றிய சந்தேகம் சரி, மனிதரைப் பற்றியது தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் மன்னிப்பு வாயில் வரவில்லை. கத்தரியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பைகள் கடைக்கே திரும்பின. மணாலியில் வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அங்கே தங்கபாய் ஒவ்வொரு பையாக வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்து, பாதிக்குமேல் ஒதுக்கித் தள்ளினாள். கடைக்காரன் இந்தியில் முணுமுணுத்தான். மேலே கூடாரங்களில் யாருக்கும் குளிர் அடிக்கவில்லை.

அவளை மோசம் செய்தது அவளுடைய சொந்த பூட்ஸ். சபையில் தெரிந்தவர் கடையில் அளவு பார்த்து வாங்கியது. அதைமட்டும் அவள் சந்தேகப்படவில்லை. தடித்த கம்பளிச் சாக்ஸ் போட்டதும் விரல்கள் நெருங்கின. கணவாய்க்குக் கீழே கடைசி முகாமில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து வீங்கிவிட்டன. விரல்களை ஆராய்ந்து, இனி ஏறமுடியாது என்று தானே தீர்ப்புச் சொன்னாள்.

அவள் கீழே இறங்க வழிகாட்டி ஒருவனைத் துணைக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பினார்கள். பொன்னம்மையும் திவ்யாவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். ஹரிகுமார் மட்டும் நகரவில்லை. கூட்டத்தைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளருகில் வந்தார்.

"நானும் இறங்குகேன் சிஸ்டர். முட்டு வலி."

வழிகாட்டி சாமான்களோடு முன்னே போக, இருவரும் கற்களின்மேல் மெல்ல இறங்கினார்கள். அவள் தடுமாறிய இடங்களில் அவர் முன்னால் போய் கை நீட்டினார். ஓடையைத் தாண்டும்போது இளவட்டம்போல் ஒரே எட்டில் தாவினார். எந்தக் கால் முட்டு என்று கேட்க அவளுக்கு நாக்குவரை வந்தது.

கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.