அப்பாவுக்கென்று ஒரு வாசல்

அப்பா பொன்மலையில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மா காலமாகிவிட்டாள். நான் ஒரே பெண். திருவானைக்காவலில் எங்கள் வீட்டில் என் கணவர், மாமனார், நான், அப்போதுதான் நடை பழகிய என் மகள் என்று நாலே பேர்தான் இருந்தோம். இடத்துக்குப் பஞ்சமில்லை. அப்பா எங்களோடு வந்துவிடுவார் என்று நான்பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரோ மணப்பாறையில் ஓர் அறை பார்த்து வைத்துவிட்டார். தனியாகப் பொங்கிச் சாப்பிடப் போகிறாராம், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர். நான் அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

“பொண்ணு குடுத்த வீட்டுக்கு விருந்தாளியாத்தான் வரலாம். குடியிருக்கக் கூடாதும்மா” என்றார்.

இதையெல்லாம் சாய்வுநாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார், மறுநாள் காலையிலேயே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தை ஒட்டிச் சந்துப் பக்கமாக ஓர் அறை உண்டு. விறகும் உடைந்த தொட்டிலும் போட்டு வைத்திருந்தோம். அந்த அறைக்குச் சந்தில் புதிதாக ஒரு வாசல் வைத்தார்கள். கூடத்திலிருந்து போகும் கதவைக் கழற்றிவிட்டு, செங்கல் வைத்து மண் சாந்து பூசி அடைத்தார்கள். இனி அது தனி வீடு என்றும், உங்கப்பா நம் வீட்டில் அல்ல, பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கப் போகிறார் என்று போய்ச் சொல் என்றும் மாமனார் என்னிடம் சொன்னார்.

அப்பா நேரில் வந்து பார்த்தார். அடைத்த சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் சாப்பாடு எங்கள் வீட்டில்தானே? வேளாவேளைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் வாசலைப் பூட்டுவார். சந்தைச் சுற்றி வந்து, திறந்தே கிடக்கும் எங்கள் கதவைத் தட்டிவிட்டு நிற்பார். முட்டிவலிக்கார மாமனார் நாற்காலியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்து, “வாங்க சம்பந்தி” என்று வரவேற்க வேண்டும். இருவரும் சௌக்கியம் விசாரித்துக்கொள்வார்கள். காலையில் விசாரித்த சௌக்கியம் மத்தியானத்துக்குள் எங்கே போய்விடும்? ஐப்பசி மழையிலும் குடையும் சேறுமாக இது நடந்தது. என் மகள் செங்கல் சுவரைத் தட்டித் தாத்தா என்பாள். உள்ளிருந்து அவரும் தட்டுவார்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனாலும் இலையில் இரண்டாம் முறை ரசம் கேட்க மாட்டார். என் சமையலை அந்நியர் மாதிரி மரியாதையாகப் பாராட்டுவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துக்கொண்டு அப்பாவை இழந்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

மழை விடாமல் பெய்த அந்த வாரம், ஒருநாள் காலைக் காபிக்கு அவர் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. கணவர் ஆபீஸ் போயிருந்தார். நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் மாமனாரே நொண்டிக்கொண்டு சந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நல்ல காய்ச்சலாம். வாசல் தாழ்ப்பாளைத் திறப்பதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

சொன்ன கையோடு மாமனார் தேங்காய் உரிக்கும் கடப்பாரையை எடுத்துச் சுவரில் ஓங்கிப் போட்டார். ஈரம் ஊறிய மண் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. வேண்டாம் சம்பந்தி, ரெண்டு நாளில் எழுந்து நானே அங்கே வந்துவிடுவேன் என்று உள்ளிருந்து அப்பா ஈனஸ்வரத்தில் மன்றாடினார்.

“நீங்க எங்க வீட்டுக்கு வர வேணாம். இனிமே நான் உங்க வீட்டுக்கு வரேன்” என்றார் மாமனார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் நின்றேன். ஆள் நுழையும் அளவு வழி விட்டதும், வேட்டியெல்லாம் செம்மண்ணாக உள்ளே போய், உட்காராமல் நின்றார். அழைத்தால்தான் உட்காருவார் போலிருந்தது. அப்பாவுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு எழுந்து உட்கார்ந்து, போர்வையை ஒதுக்கி, நாற்காலியைக் காட்டினார்.

“வாங்க சம்பந்தி, உக்காருங்க.”

அப்புறம் என்னைப் பார்த்தார். பொன்மலை வீட்டில் யாராவது வந்தால் என்னை அதட்டும் அதே குரல் வந்தது.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? சம்பந்தி வந்திருக்காரு. போய் ரெண்டு காபி கொண்டா.”

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்னை அப்படி அதட்டியதே இல்லை. அழுகையும் சிரிப்புமாக நான் அடுப்படிக்கு ஓடினேன்.