மீதியை அதுவே எழுதும்

எனக்குப் பொறுமை கிடையாது. அம்மா சொல்வாள், டிரெயினில் கூட வருகிறவர்கள் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பட்ட பாட்டைப் பட்டிருந்தால், எப்பேர்ப்பட்ட சாதுவும் கீபோர்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரே கம்ப்யூட்டரோடு திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள பல டெர்மினல்களை இணைக்கிற கார்டு அங்கே தயாரானது. கார்டைச் செய்கிறவர் பழைய அம்பத்தூர்க்காரர், சால்டரிங் ராடும் கையுமாக இருப்பார். அந்தக் கார்டைக் கெர்னலோடு பேசவைக்கிற டிரைவர் என்கிற புரோகிராமை எழுதுவது நான். கெர்னல் என்பது கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்துகிற புரோகிராம். அதில் ஒரு இடத்தில் பிசகினால் மொத்த மெஷினும் அப்படியே நின்றுவிடும்.

முதலாளி முன்பு லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் என்னை எடுத்தது டிப்ளமோவுக்காக இல்லை. "டைப்ரைட்டிங் ஹையர் பாஸா? அப்போ வேலை மடமடன்னு முடிஞ்சிடும்மா" என்றார். சேர்ந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு நான் டைப்பிஸ்ட்தான். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தால் போதும், "என்னம்மா, சத்தமே காணோம்?" என்று எட்டிப் பார்ப்பார். யோசிப்பதற்குச் சத்தம் வராது சார் என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு கூப்பிட்டார். "விஜயதசமிக்கு மறுநாள் பார்ட்டி வராங்கம்மா. கார்டு ஓடுச்சுன்னா உன்னை பெர்மனென்ட் பண்றேன். ஓடலைன்னா இந்த சாஃப்ட்வேர் சமாசாரத்தை எல்லாம் மூட்டை கட்டிட்டு, நீ முன்னாடி ஆபீஸ்ல கொட்டேஷன் அடி."

 கொட்டேஷன் அடிக்கவா இவ்வளவு படித்தேன்?

அந்தக் கெர்னலில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். ஒவ்வொரு செயலுக்கும் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரு பெயர். ஓர் எழுத்து மாறினாலும், டீக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி டீக்குப் போகிற அளவு நேரம் கம்பைல் ஆகிவிட்டு, அதாவது எழுதியது மெஷின் பாஷைக்கு மாறிவிட்டு, கடைசியில் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும். முன்னமே சொன்னால் என்னவாம்? நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

இதற்கு ஒரு வழி உண்டு என்று, நான் புரோகிராம் அடிக்கிற எடிட்டரோடு வந்த கையேட்டில் படித்தேன். கெர்னல் முழுவதையும் ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால், எந்தப் பெயர் எந்த ஃபைலில் இருக்கிறது என்று அது ஒரு அட்டவணை போட்டுத் தரும். அப்புறம் எடிட்டரில் இரண்டு எழுத்து அடித்து கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் மீதிப் பெயரை அதுவே எழுதும். இன்னொரு சாவியைத் தட்டினால் அந்தப் பெயர் பிறந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

படிக்க அமிர்தமாக இருந்தது. செய்து பார்த்தபோதுதான் மண்டை காய்ந்தது. முதல் தடவை டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்றது. இரண்டாம் தடவை எடிட்டருக்கு அட்டவணை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அது எதிரிலேயே இருக்கிறது, இல்லை என்று சாதிக்கிறது! கேட்க ஆள் இல்லை, இன்டர்நெட் என்றால் பூந்தமல்லி ஹைரோடுவரை போக வேண்டும். கார்டுக்காரர் பூதக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"இன்னாம்மா, இன்னும் அதுகூடவே மல்லுக்கட்டிகினு கீறியா? கைல அடிச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"நீங்க உங்க கார்டைப் பாருங்கண்ணா."

ஒருவழியாக வேலை செய்தது. இரண்டு எழுத்து, ஒரு தட்டு, முழுப் பெயர். நான் கைதட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

டெர்மினலில் அடிக்கிற ஓர் எழுத்து கார்டுக்கு வந்தால் அது கெர்னலை ஒரு குரல் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறதா என்று பார்க்க, கெர்னலில் அந்தக் குரலை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குப் போனேன். எடிட்டர்தான் கொண்டுபோய் விட்டது. குரல் கேட்டால் திரையில் ஒரு வரி காட்டு என்று அங்கே எழுதிவைத்தேன். கம்பைல் செய்தேன். ஒரு வரியும் வரவில்லை. மாற்றி எழுதினேன், வரவில்லை. நாள் நாளாக இதே கழுத்தறுப்பு.

"அண்ணா, உங்க கார்டு கூப்பிடவே இல்ல."

"அதெல்லாம் கூப்புடுது. ஸ்கோப்பு திரைல சிக்னலைப் பாத்துட்டேன். உன் கோடுக்குத்தாம்மா காது செவுடு."

அவர் கார்டை மறுபடி சால்டர் செய்தார், நான் கோடை மறுபடி எழுதினேன். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

பூஜை வந்தது. எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. முதல் நாளே மெஷினை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஸ்கிராப்பை அள்ளி வெளியே கொட்டி, பட்டறையையே கழுவிவிடுவார்கள். பூஜையன்று நான் போனபோது டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, லேத்துக்கு வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். என் கம்ப்யூட்டருக்கும் சாமந்தி மாலை. கார்டுக்காரர் சமாதானமாகப் பக்கத்தில் வந்தார்.

"உன் மிஷினையும் க்ளீன் பண்ணிட்டேம்மா. உள்ளார டிஸ்க்குல ஒரே குப்பை. நம்மகிட்ட இல்லாத மிஷினுக்கெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டரா வெச்சிகினு கீது. அத்தனையும் தூக்கிட்டேன். பேரு பேரா ஒரு பெரிய ஃபைல் இருந்திச்சே, அதையும்."

 பேர் பேராக இருந்தது என் அட்டவணை. "ஐயோ! யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"பூஜைக்கு வேண்டாததைத் தூக்கறதுக்கு யாரைக் கேக்கறது?"

கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே மெஷினைப் போட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "தொடாதம்மா! பொட்டு வெச்சாச்சு. நாளைக்குக் காலைல பூஜையைப் பிரிச்ச பிறகுதான்." பொரியும் கடலையும் கையில் திணித்து அனுப்பினார்கள். டிரெயினில் ஆவடிவரை அந்தப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே போனேன்.

விஜயதசமி காலை, மாலையை எடுத்த கையோடு உட்கார்ந்தேன். அட்டவணையைப் புதிதாகப் போட்டேன். மிச்சமிருந்த ஃபைல்கள் கொஞ்சம்தான், சீக்கிரமே முடிந்தது. குரல் வாங்கும் இடத்துக்குப் போ என்று சாவியைத் தட்டினேன். போனது. அங்கே நான் எழுதிய ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கெர்னல் பலவகை மெஷின்களில் ஓடக்கூடியது. ஒரே பெயர் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. எடிட்டர் என்னை இத்தனை நாளும் முதலில் அகப்பட்ட இடத்துக்கு, நாங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத ஏதோ மெஷினின் ஃபைலுக்குக் கொண்டுபோயிருக்கிறது. எங்கள் மெஷினில் கம்பைலே ஆகாத ஃபைலில் உட்கார்ந்து நான் உயிரை விட்டிருக்கிறேன். கார்டுக்காரர் குப்பை என்று தூக்கியதில் அந்த ஃபைலும் போனதால்தான் எடிட்டர் இப்போது சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சரியான ஃபைலில் எழுதியதும் திரையில் வரி வரியாகக் கொட்டியது. கார்டு தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கார்டு ஓர் எண்ணில் கூப்பிட, டிரைவரில் அந்த அழைப்புக்கு நான் கொடுத்திருந்த எண் வேறு. அதை மாற்றினேன். சாயங்காலம் டெர்மினலில் எழுத்து வந்தது. கார்டுக்காரர் மேஜையைத் தட்டி, "சொன்னேன்ல!" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் பார்ட்டி வந்தார்கள். எல்லா டெர்மினலும் ஓடின. எப்படி எழுதினீர்கள் என்று ஒருவர் கேட்க, நான் பெருமையாக எடிட்டரைத் திறந்து இரண்டு எழுத்து அடித்து, சாவியைத் தட்டினேன். பெயர் முழுசாக வந்தது. முதலாளி வாயைப் பிளந்தார். "இன்னொரு தடவை காட்டும்மா" என்றார். காட்டினேன்.

ஆர்டர் கிடைத்தது. அவர்கள் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சொன்ன சொல் மாற மாட்டேன்மா. நீ பெர்மனென்ட். திங்கக்கிழமைலேர்ந்து முன்னாடி ஆபீஸ்ல உக்காந்துக்கோ, கொட்டேஷன் எல்லாம் தேங்கிக் கிடக்கு."

"சார், டிரைவர்?"

"அதான் மெஷினே அடிச்சிடுதே! ரெண்டு எழுத்து தட்டினா போதும். அதைக் கார்டு பண்ற இவரே தட்டிக்குவார். ஹையர் பாஸ் பண்ண கையை அங்கே வீணாக்கலாமா?"

"சார், அது பேரைத்தான் முடிக்கும். எதை எழுதணும்னு அதுக்குத் தெரியாது."  கார்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒயரை உரித்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த நிமிஷம் முதலாளியைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

வீட்டுக்குப் போனதும் அப்பா வாசலிலேயே கேட்டார், "என்னம்மா, பெர்மனென்ட் ஆச்சா?"

"ஆச்சுப்பா."

அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். என்ன வேலையில் என்று யாரும் கேட்கவில்லை.