சாமிக்கு நேர்ந்த சேவல்

1934ஆம் ஆண்டு ஆகஸ்டு பன்னிரண்டாம் நாள், மாலை ஐந்தரை மணிக்கு, பொந்தியானுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களில் கோழிகள் வெள்ளைக்கழிச்சலால் சாகின்றன என்று கேள்விப்பட்டோம். கடைத்தெருவில் முட்டை விலை ஏற்கெனவே ஏறியிருந்தது. முட்டை விற்றுத்தான் அம்மா என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தார். கோழிகள் போனால் என் படிப்பும் போகும்.

அம்மா பெட்டைகளைக் கூண்டில் விட்டார். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சிவப்புச் சேவல் அப்போதுதான் திரும்பியது. பகலெல்லாம் லயங்களில் மேய்ந்துவிட்டு, அந்தியில் பெட்டைகளோடு அடைவது அதன் வழக்கம்.

“இதைத் தனியா அடைச்சிடலாம்மா.”

“சாமிக்கு நேர்ந்ததை அடைக்கக் கூடாதுடி. சாமி கண்ணக் குத்திடும்.”

“சீக்கைக் கொண்டாந்துட்டா?”

“ஒங்க காலேஜுல கோழிக்கும் பாடம் நடத்துறாங்களா?” என்றவர் சிரிக்கவில்லை.

“சாமி சேவலு சாமிகிட்டயே இருக்கட்டுமே,” என்றேன்.

அம்மா சேவலை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை வெளியே விட்டுக் கூண்டைச் சாத்தினார். அது ரம்புத்தான் கிளையில் ஏறியது. மங்கும் ஒளியில் அதன் வால், நீருக்கடியில் பாசி அசைவதுபோல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு இருளில் கரையும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை, ரப்பர் மரங்களிடையே பனி கலையுமுன், சேவலை அணைத்தபடி தோட்டத்து எல்லையிலிருந்த முனியாண்டி கோயிலுக்குச் சென்று, பூசாரியிடம் ஒப்படைத்தேன். வீடு திரும்பியதும், கூண்டருகே போகுமுன், கைகால்களையும் புடவை விளிம்பையும் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.